வீட்டுல நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னே தெரியலையா? தேடிப் பிடிக்கிற வழி

புதுசா வாடகைக்குப் போன வீடு, இல்ல லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்து தொறக்குற வீடு, கதவத் தொறந்த உடனே ஒரு வாடை மூஞ்சில அடிக்கும், ஆனா எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் பிடிபடாது. உடனே எல்லாரும் பண்றது என்னன்னா கடைக்கு ஓடி ரூம் ஸ்ப்ரே, பாத்ரூம்ல தொங்க விடுற வில்லை, ஒரு பாட்டில் பினாயில், போதாததுக்கு ரெண்டு ஊதுபத்தி. மல்லிப்பூ செண்டும் சாக்கடையும் சேர்ந்து மூணாவதா ஒரு கொடுமை கெளம்பும், அத விட பழைய நாத்தமே தேவலைன்னு ஆயிடும். தேடி முடிக்கிற வரைக்கும் நாத்தத்த மறைக்கிற எந்த ஐட்டமும் வீட்டுக்குள்ள வேணாம், ஏன்னா உங்க கையில இருக்குற ஒரே துப்பு அந்த நாத்தம்தான், அதையும் அமுக்கிட்டா அப்புறம் எத வெச்சுத் தேடுவீங்க.

இத நான் எழுதறது சென்னை மாதிரி ஊர்ல ஃப்ளாட்லயோ போர்ஷன்லயோ இருக்கறவங்கள மனசுல வெச்சு. மத்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தேடிக்கிட்டு நிக்கக் கூடாத ரெண்டு வாடை

ஒண்ணு கேஸ். எல்பிஜிக்கு சொந்தமா வாடையே கெடையாது, கசிஞ்சா தெரியணும்னுதான் எத்தில் மெர்காப்டன்ங்கற நாத்தம் புடிச்ச சாமானக் கலக்குறாங்க, அழுகின முட்டகோஸ் மாதிரி இருக்கும். அந்த வாடை வந்தா லைட் சுவிட்ச், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, தீப்பெட்டி பக்கமே போகக் கூடாது. ரெகுலேட்டர மூடுங்க, கதவு ஜன்னலத் தொறங்க, எல்லாரும் வெளிய வாங்க, வெளிய வந்தப்புறம் 1906க்கு போன் போடுங்க, அது எல்பிஜி கசிவுக்குன்னே இருக்குற அவசர நம்பர். எல்பிஜி காத்த விட கனம், கீழ தரையோட படிஞ்சு நிக்கும், அதனால நின்னு மோந்து பாத்து ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. சிலிண்டர் தீரப் போற நேரத்துல லேசா வாடை கூடுறது உண்டு, ஆனா அதுதான் இதுன்னு நீங்களே நெனச்சுக்க வேணாம், ரெகுலேட்டர மூடி வாடை சுத்தமா போனப்புறம் ட்யூப் ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி தடவி, அடுப்பு மூடியிருக்கும்போதே ரெகுலேட்டர மட்டும் தொறந்து குமிழி வருதான்னு பாருங்க, நெருப்பு கொளுத்திப் பாக்குற வீரமெல்லாம் வேண்டாம்.

ரெண்டாவது, மீனே சமைக்காத வீட்ல மீன் கவிச்சி அடிக்குது, இல்ல பிளாஸ்டிக் கருகுற மாதிரி இருக்கு. இது சுவிட்ச்போர்டோ பிளக்கோ சூடாகி உருகுறதா இருக்கலாம், ஹீட்டர் ஏசி மாட்டியிருக்குற 16 ஆம்பியர் பாயிண்ட்ல இது ஜாஸ்தி. மெயினோ அந்த பாயிண்டுக்கான எம்சிபியோ (மீட்டர் பக்கத்து பெட்டில இருக்குற ட்ரிப் சுவிட்ச்) ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனக் கூப்புடுங்க.

இந்த ரெண்டும் இல்லன்னு உறுதியானா நிதானமாத் தேடலாம்.

மூக்க மொதல்ல தயார் பண்ணுங்க

ஒரே வாடைக்குள்ள கொஞ்ச நேரம் இருந்தா மூக்கு பழகிப் போய் அத சொல்றத நிறுத்திடும், இது எல்லாருக்கும் நடக்குறதுதான், அதனாலதான் வீட்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, வந்த மாமியார் வாசல்லயே "என்னமோ வாடை வருதே"ம்பாங்க. ராத்திரி ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு, காலைல ஒரு அரை மணி நேரம் வெளிய நடந்துட்டு வந்து கதவத் தொறங்க. அந்த மொத ரெண்டு நிமிஷம்தான் உங்க மூக்கு உண்மைய சொல்லும், அதுக்குள்ள எந்த ரூம்ல கனமா இருக்குன்னு ஒரு சுத்து சுத்திப் பாத்துடுங்க. மூக்கு குழம்பிட்டா மறுபடி வெளிய போய்ட்டு வாங்க. பக்கத்து வீட்டு பிள்ளைங்க யாராச்சும் வந்தா அவங்களையும் கேளுங்க, பிள்ளைங்க ஒளிவு மறைவு இல்லாம சொல்லும்.

எப்ப வருதுங்கறதையும் கவனிங்க, எடத்த விட நேரம் நெறைய காட்டிக் குடுக்கும். மாடி வீட்டுக்காரங்க ஃப்ளஷ் பண்ணும்போது வருதா, மழை பேஞ்சா வருதா, ஏசி போட்டாத்தான் வருதா, சமையல்கட்டுல சிம்னி ஓடும்போது மட்டும் வருதா. இதுல கடைசிய நெறைய பேர் நம்ப மாட்டாங்க, சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ உள்ள இருக்குற காத்த வெளிய தள்ளும்போது அந்த எடத்த நிரப்ப வேற எங்கேர்ந்தாவது காத்து வந்தாகணும்ல, ஜன்னல் சாத்தியிருந்தா பாத்ரூம் ஓட்டை வழியா சாக்கடைக் காத்தையே உள்ள இழுத்துட்டு வந்துடும்.

அப்புறம் அது என்ன வாடைன்னு ஒரு பேர் வைங்க. சாக்கடையா, மூத்திரமா, ஈரத்துணி மக்குன மாதிரியா, எண்ணெய்ச் சிக்கா, ஊசிப்போன சோறா, செத்ததா. பேர் வெச்சாலே பாதி எடம் தேட வேண்டாம்னு ஆயிடும்.

சாக்கடை வாடையா? தண்ணி வெளிய போற வழி ஒவ்வொண்ணையும் பாருங்க

நம்மூர் வீடுங்கள்ல முக்காவாசி கேஸ் இதுதான், அதனால இத கொஞ்சம் வெலாவரியாவே சொல்றேன். பாத்ரூம் தரையில ஜாலிக்குக் கீழ ஒரு ட்ராப் இருக்கும், பிளம்பருங்க நஹானி ட்ராப்ம்பாங்க, அதுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும், பொதுவா 50 மில்லிமீட்டர் ஒசரத்துக்கு. அந்தத் தண்ணிதான் சாக்கடைக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல இருக்குற கதவு. தண்ணி காஞ்சுபோச்சுன்னா கதவு தொறந்து கெடக்குன்னு அர்த்தம், பைப்புல இருக்குற காத்து நேரா பெட்ரூமுக்கு வரும். யாரும் பொழங்காத கெஸ்ட் பாத்ரூம், பால்கனி ஓட்டை, வாஷிங் மெஷினுக்குன்னு விட்டு மெஷின் வைக்காத பாயிண்ட், இதெல்லாம் வெயில் காலத்துல சில வாரத்துலயே காஞ்சுடும். வைத்தியம் ஒரு பக்கெட் தண்ணி, அவ்ளோதான். ஊருக்குப் போறப்ப எல்லா ஓட்டைலயும் தண்ணி ஊத்திட்டு மேல ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுட்டுப் போங்க, எண்ணெய் படலமா மெதந்து தண்ணி ஆவியாகுறத கொறைக்கும்.

தண்ணி ஊத்தியும் நாறுதுன்னா ஜாலியக் கழட்டிப் பாருங்க. பழைய மாடல் ட்ராப்ல கவுத்து வெச்ச மணி மாதிரி ஒரு கப்பு உக்காந்திருக்கும், தண்ணியோட சேர்ந்து காத்த அடைக்கறதே அந்தக் கப்புதான். தண்ணி மெதுவா எறங்குதுன்னு யாராச்சும் அதக் கழட்டி லாஃப்ட்ல போட்டிருப்பாங்க, பழைய குடித்தனக்காரங்களோ வேலைக்கு வந்தவங்களோ, அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஹார்ட்வேர் கடைல அளவு சொன்னா வேற கெடைக்கும். கப்பு இருந்துச்சுன்னா அதுக்கு அடியில முடியும் சோப்பு வழுவழுப்பும் ஒரு கொத்தா இருக்கும், கையுறை போட்டுக்கிட்டு வழிச்சுப் போட்டு பழைய பிரஷ்ல தேய்ங்க, பல வீட்ல நாத்தக் கதை இங்கயே முடிஞ்சுடும்.

அடுத்து சிங்க்குக்கும் வாஷ்பேசினுக்கும் கீழ குனிஞ்சு பாருங்க. அந்த மடக்குற வெள்ளை வேஸ்ட் பைப்பு நேரா தரையிலயோ சுவத்துலயோ இருக்குற பெரிய பைப்புக்குள்ள சொருகியிருக்கும், சுத்தி ஒரு விரல் போற அளவுக்கு இடைவெளி. கரப்பான்பூச்சி வர்ற ஹைவேயும் அதுதான் நாத்தம் வர்ற வழியும் அதுதான், பைப்ப சொருகுனவங்க துணிய அடைச்சுட்டுப் போயிருந்தா அந்தத் துணியும் மக்கி தனியா நாறும். அதுக்குன்னே ரப்பர் வளையம் விக்குது, பைப் சைஸ் பாத்து வாங்கி மாட்டிடலாம், நிரந்தரமா வேணும்னா எம்-சீல் வெச்சு அடைக்கலாம், ஆனா நாளைக்கு அடைப்பு எடுக்கணும்னா ஒடைக்கணும், அதனால என் ஓட்டு ரப்பருக்குத்தான். வேஸ்ட் பைப்ப யு மாதிரி ஒரு வளைவு விட்டுக் கட்டி வைங்க, அதுலயும் தண்ணி நின்னு தடுக்கும். வாஷ்பேசின்ல மேல் விளிம்புகிட்ட ஒரு சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, தண்ணி ரொம்பி வழியாம இருக்கறதுக்கு, அதுக்குள்ள யாரும் கழுவவே மாட்டாங்க, பாட்டில் பிரஷ் விட்டுத் தேய்ச்சா வெளிய வர்றதப் பாத்தா அன்னிக்கு சாப்பாடு எறங்காது.

எந்த ஓட்டைன்னு தெரியலையா? ராத்திரி எல்லா ஓட்டையையும் பிளாஸ்டிக் கவர் போட்டு டேப் ஒட்டி மூடிடுங்க, காலைல ஒண்ணொண்ணா தொறந்து மோந்து பாருங்க, குற்றவாளி தானா மாட்டும். இல்ல ஒரு ஊதுபத்தியக் கொளுத்தி ஒவ்வொரு ஓட்டைக்கும் மேல புடிங்க, புகை நேரா போகாம மேல தள்ளிக்கிட்டு வந்துச்சுன்னா அந்த வழியா காத்து உள்ள வருது. கேஸ் சந்தேகம் துளி இருந்தாலும் இந்த ஊதுபத்தி வேலை கூடவே கூடாது.

டாய்லெட் கோப்பை அடியில தரையோட சேர்ற எடத்துல ஈரமோ கறையோ இருக்கா, கோப்பை லேசா ஆடுதான்னு பாருங்க. ஆடுனா அடி ஜாயிண்ட் விட்டுருக்கும், ஃப்ளஷ் பண்றப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா டைல்ஸ் அடிக்குப் போய்ட்டிருக்கும், எவ்ளோ தேய்ச்சாலும் போகாத மூத்திர வாடை பெரும்பாலும் இதுதான். இது பிளம்பர் வேலை, ஓனர்கிட்ட சொல்லி செய்ய வைங்க.

மாடில யாராச்சும் ஃப்ளஷ் பண்ணா உங்க பாத்ரூம்ல களக் களக்னு சத்தம் வந்து பின்னாடியே நாத்தம் வருதா, அப்ப உங்க வீட்ல தேடிப் பிரயோஜனம் இல்ல. மொட்டை மாடில சாக்கடை பைப்போட நுனி காத்துக்காக தொறந்து விட்டிருக்கும், அதுல காக்கா கூடு கட்டியிருக்கலாம், இல்ல மாடில தளம் போட்டப்ப சிமெண்ட் விழுந்து அடைச்சிருக்கலாம். காத்து போக வழியில்லன்னா வேகமா எறங்குற தண்ணி உங்க ட்ராப்ல நிக்கிற தண்ணியையும் சேர்த்து உறிஞ்சிட்டுப் போயிடும். அசோசியேஷன்ல இந்த சத்தத்தையும் சேர்த்து சொல்லுங்க, வெறும் நாத்தம்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க.

சப்-அர்பன் பக்கம் செப்டிக் டேங்க் வெச்ச வீடுன்னா டேங்க் ரொம்பிருச்சா, மூடி ஒடஞ்சிருக்கான்னு பாக்கணும். லாரி வந்து உறிஞ்சட்டும், எந்த மனுஷனையும் உள்ள எறக்காதீங்க, உள்ள இருக்குற வாயு நிமிஷத்துல ஆளக் கொல்லும், பாதுகாப்பு இல்லாம எறக்குறது, கையால மலம் அள்ளுறதத் தடை பண்ற 2013 சட்டப்படி குற்றமும் கூட.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் ஹார்பிக் மாதிரி ஆசிட் கிளீனரையும் ஒண்ணா போடாதீங்க, குளோரின் வாயு கெளம்பும், சின்ன பாத்ரூம்ல மூச்சே நின்னுடும். ஒண்ணு போட்டா நல்லா தண்ணி ஊத்தி அலசிட்டு இன்னொண்ண வேற நாளைக்கு வெச்சுக்கங்க.

சமையல்கட்டு

இங்க பெரிய ரகசியம் எதுவும் இல்ல, கைக்கு எட்டாத எடம் எல்லாம்தான். உருளைக்கிழங்கு வெங்காயக் கூடைல அடியில ஒண்ணு அழுகியிருக்கும், ஒரே ஒரு உருளைக்கிழங்கு அழுகுனா செத்த எலி அளவுக்கு நாறும், நெறைய பேர் எலின்னு நெனச்சு பரணெல்லாம் எறக்கிடுவாங்க, அதனால மொதல்ல கூடையக் கொட்டுங்க. மிக்ஸி ஜார் பிளேடுக்கு அடியில, கிரைண்டர் கல்லுக்குக் கீழ, குக்கர் கேஸ்கெட், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச், டஸ்ட்பின் கவருக்கு அடியில ஒழுகுன தண்ணி. சிம்னி ஃபில்டர்லயும் அடுப்புக்குப் பின்னாடி சுவத்துலயும் படிஞ்ச எண்ணெய் பழசாகி காரல் வாடை அடிக்கும், அத சுடுதண்ணில டிஷ்வாஷ் லிக்விட் போட்டு ஊற வெச்சாத்தான் போகும்.

மீன் செஞ்ச பாத்திரத்துக்கு புளியோ எலுமிச்சம்பழமோ போட்டுத் தேய்க்கிறது ஆத்தா காலத்து வழக்கம்தான், அதுல விஷயம் இருக்கு. மீன் கவிச்சிக்குக் காரணமான ட்ரைமெத்திலமைன் காரத் தன்மை உள்ளது, புளிப்பு பட்டா உப்பா மாறி வாடை அடங்கிடும். அதே கணக்குல புளிச்ச மாவு, கெட்டுப்போன பால் மாதிரி புளிப்பு வாடைக்கு சோடா உப்பு வேலை செய்யும். ரெண்டையும் கலந்து நுரை பொங்க விட்டு வீடியோ போடுறாங்களே, அதுல ஒண்ண ஒண்ணு முறிச்சுப் போட்டு மிஞ்சுறது உப்புத் தண்ணிதான், பாக்கத்தான் ஜோர்.

மெஷினுங்க

ஃப்ரிட்ஜ் உள்ள பளிச்னு தொடச்சும் வாடை வருதுன்னா பின்னாடி திருப்புங்க, பிளக்கப் புடுங்கிட்டு. கம்ப்ரஸருக்கு மேல ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், உள்ள உருகுற தண்ணி அதுல விழுந்து சூட்டுல ஆவியாகணும், பல வருஷ அழுக்கு அதுல கூழா நிக்கும், சில சமயம் சூட்டுக்கு ஒதுங்குன பல்லியும் செத்துக் கெடக்கும். உள்பக்கம் பின் சுவத்துல அடியில ஒரு குட்டி ஓட்டை, அதுல அடைப்பு இருந்தா காய்கறி ட்ரே அடியில தண்ணி தேங்கும். கதவு ரப்பர் மடிப்பையும் விரிச்சுத் தொடைங்க.

ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின்ல கதவு ரப்பர் மடிப்பு, சோப்பு போடுற ட்ராயர், கீழ மூலைல சின்ன மூடிக்குள்ள இருக்குற ஃபில்டர், இந்த மூணும்தான். ஃபில்டரத் தொறக்கும்போது ஒரு தட்டு வைங்க, கருப்பா தண்ணி கொட்டும், கூட சில்லறையும் ஹேர்பின்னும் வரும். எப்பவும் பச்சத் தண்ணிலயே தொவைக்கிற வீட்ல ட்ரம் முழுக்க வழுவழுன்னு படிஞ்சு துணியே மக்கு வாடை அடிக்கும், மாசத்துக்கு ஒரு தடவை துணி போடாம ஜாஸ்தி சூட்டுல ஓட விடுங்க, தொவைச்சு முடிச்சா கதவ தொறந்து போட்டு வைங்க, சின்னப் பிள்ளைங்க இருந்தா உள்ள போய் ஒக்காராம பாத்துக்கங்க.

ஏசி போட்டவுடனே ஈர சாக்ஸ் வாடை வந்தா காயில்ல பூஞ்சை பாக்டீரியா படிஞ்சிருக்கு. ஃபில்டரக் கழுவுறது நீங்க பண்ணலாம், காயில சர்வீஸ்காரர் பண்ணட்டும், நிறுத்தறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெறும் ஃபேன் மோட்ல விட்டா உள்ள காயும். சாக்கடை வாடை வந்தா வேற விஷயம், ஏசித் தண்ணி போற பைப்ப எங்க விட்டிருக்காங்கன்னு தொடர்ந்து போய்ப் பாருங்க, பாத்ரூம் ட்ராப்புக்குள்ளயோ சாக்கடை பைப்புக்குள்ளயோ சொருகியிருந்தா அந்தக் காத்து பைப்பு வழியா ஏறி உங்க தலைமாட்டுல எறங்குது. நுனிய வெளிய எடுத்து தொங்க விட்டாலே போதும்.

மக்குன வாடை

இதுக்குப் பின்னாடி எப்பவும் ஈரம் இருக்கும், ஈரத்தக் கண்டுபிடிக்காம பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்கு திரும்ப வரும். பீரோவ சுவத்துலேர்ந்து இழுத்துப் பாருங்க, பின்னாடி கரும்புள்ளி, உப்பு பூத்து உதிர்ற பெயிண்ட் இருந்தா ஓதம். ஓதம் சுவத்துக்குள்ளேர்ந்து வருதா ரூம் காத்துலேர்ந்து படியுதான்னு தெரிய, ஒரு அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி ஒரு நாள் விடுங்க. சுவத்துப் பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா உள்ளேர்ந்து வருது, பின்னால பாத்ரூம் பைப்போ வெளிச்சுவர் விரிசலோ காரணம். ரூம் பக்கம் நின்னா காத்தோட்டம் பத்தல, பீரோவ நாலு விரக்கட தள்ளி வெச்சு ஜன்னலத் தொறந்து விடுங்க. பீரோவுக்குள்ள அந்துருண்டை போட்டு மறைக்கிறவங்க, கைக்குழந்தை துணியோட மட்டும் போடாதீங்க, அந்த நாப்தலீன் குழந்தைங்களுக்கு ஆகாது. இலவம்பஞ்சு மெத்தை தலகாணிய வெயில்ல போட்டு ரெண்டு பக்கமும் தட்டுங்க.

செத்தது, பெஞ்சது

எலி மருந்து தின்னா தண்ணி தேடி வெளிய போய் செத்துடும்னு கடைக்காரர் சொல்லுவார், நம்பாதீங்க, தின்னு சில நாள் கழிச்சு அதுக்கு எங்க வசதியோ அங்க சாகும், அது பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்கு மேலயோ லாஃப்ட் அட்டப்பெட்டிக்குள்ளயோ சிங்க் கேபினட் பின்னாடியோதான். திடீர்னு பெரிய பச்சை நீல ஈ ஜன்னல் கண்ணாடில மொய்க்க ஆரம்பிச்சா பெரும்பாலும் அந்த ரூம்லயோ பக்கத்துலயோதான் இருக்கு. எறும்பு வரிசை போற தெசையையும் பாருங்க. கையுறை, மாஸ்க் போட்டு கவருக்குள்ள கவர் போட்டுக் கட்டி எடுத்துட்டு அந்த எடத்த பிளீச்சிங் தண்ணில தொடைங்க. கிடைக்கவே இல்லன்னா காஞ்சு போற வரைக்கும் ஜன்னலத் தொறந்து வெக்கறதத் தவிர வழியில்ல. அடுத்த தடவை மருந்து வேணாம், பொறி வைங்க.

பூனை உள்ள வந்து பெஞ்சிருந்தா காஞ்சப்புறம் கண்ணுக்குத் தெரியாது, ராத்திரி லைட் எல்லாம் அணைச்சுட்டு யுவி டார்ச் அடிச்சா திட்டுத் திட்டா ஒளிரும், ஆன்லைன்ல சல்லிசா கெடைக்குது. சோப்பும் பினாயிலும் போட்டா அன்னிக்கு நல்லாருக்கும், ஈரம் பட்ட உடனே திரும்ப வரும், யூரிக் ஆசிட் அப்படியே உக்காந்திருக்கும் அதுல. செல்லப் பிராணி கடைல என்சைம் கிளீனர் கேளுங்க, சும்மா தெளிச்சுத் தொடைக்காம நல்லா ஊற விட்டு தானா காய விடணும்.

தண்ணியே நாறுதா

கொழாயத் தொறந்தா அழுகின முட்டை வாடை வருதுன்னா, ஒரு டம்ளர்ல புடிச்சுட்டு சிங்க்க விட்டு தள்ளிப்போய் ஹால்ல நின்னு மோந்து பாருங்க. டம்ளர் நாறலைன்னா நாறுறது சிங்க் ஓட்டை, தண்ணி இல்ல. சுடுதண்ணி மட்டும் நாறுனா கீசர் டேங்க், காலி பண்ணி சர்வீஸ் பண்ண சொல்லுங்க. எல்லாத் தண்ணியும் நாறுனா போரோ சம்ப்போ மாடி டேங்க்கோ, ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா டம்ளர்ல எடுத்துப் பாக்கணும். சம்ப் தண்ணில சாக்கடை வாடை அடிச்சா அத வாயிலயே வைக்காதீங்க, பல பழைய ஃப்ளாட்ல சம்ப்பும் சாக்கடை சேம்பரும் பக்கத்து பக்கத்துலதான் கட்டியிருப்பாங்க, நடுச் சுவத்துல விரிசல் விட்டுருக்கலாம், அன்னிக்கே அசோசியேஷனக் கூப்ட்டு காட்டுங்க.

இனிமேதான் வீடு பாக்கப் போறீங்கன்னா, ஓனர் சாம்பிராணி போட்டு வரவேற்குற வீடா இருந்தா இன்னொரு நாள் சொல்லாம போய்ப் பாருங்க. போனா எல்லாக் கொழாயையும் ஒரு நிமிஷம் ஓட விடுங்க, ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணுங்க, பாத்ரூம் கதவ சாத்திட்டு ஹால்ல பத்து நிமிஷம் வாடகை பேசிட்டு வந்து தொறந்து பாருங்க, சிங்க் கேபினட்டையும் லாஃப்டையும் கண்டிப்பா தொறங்க. ஏதாச்சும் வாடை இருந்தா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லி சரி பண்ண வெச்சுடுங்க.